1945 நவம்பர், லக்கி ஸ்ட்ரைக் முகாம்: ஊர் திரும்பக் காத்திருக்கும் அமெரிக்க சார்ஜன்ட்டின் அன்றாடம் எப்படி இருந்திருக்கும்?

மைப்புட்டி:

வணக்கம். ஒரு குறுநாவலுக்காகக் கேட்கிறேன். நாயகன் ஒஹையோ மாநிலத்துக்காரன், அமெரிக்கக் காலாட்படையில் சார்ஜன்ட். 1943 ஜனவரி 15 அன்று சேர்ந்தான், 1944 பிப்ரவரி 15 முதல் கடல் கடந்து இருக்கிறான். வடக்கு பிரான்ஸில் தொடங்கி ஜெர்மனிக்குள் போர் முடியும் வரை சண்டை, ஒருமுறை காயம். ஊரில் மனைவியும் ஒரு குழந்தையும். கதை நடப்பது 1945 நவம்பரில், லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு வடக்கே லக்கி ஸ்ட்ரைக் முகாமில்.

இப்போதைய வரைவில் அவன் தகரக் கொட்டகையில் இரும்புக் கட்டிலில் படுத்திருக்கிறான். மனைவிக்கு வி-மெயில் எழுதுகிறான். பக்கத்துக் கட்டிலில் ஜெர்மானியச் சிறையிலிருந்து மீண்ட நண்பன். கடைசியில் லெ ஆவ்ரில் குயின் மேரி ஏறி, கிறிஸ்துமஸுக்கு வீடு போய்ச் சேர்கிறான். போர் மே மாதமே முடிந்தும் நவம்பர் வரை ஏன் அங்கே இருக்கிறான் என்பதற்கு எனக்கே சரியான காரணம் தெரியவில்லை. தவறுகளைத் தயங்காமல் சொல்லுங்கள். சாப்பாடு, குளிர், காசு, கடிதம் இவை பற்றிய சின்ன விவரங்கள்தான் அதிகம் வேண்டும்.

தாள்கட்டு:

காரணம், யார் முதலில் ஊர் திரும்புவது என்பதைத் தீர்மானித்த புள்ளிக் கணக்கு. இதைச் சரியாகப் போட்டுவிட்டால் கதையின் பாதி தானே நகரும். 1940 செப்டம்பர் 16க்குப் பின் செய்த சேவைக்கு மாதம் 1 புள்ளி. அதில் கடல் கடந்து இருந்த மாதத்துக்குக் கூடுதலாக 1. பங்கேற்ற ஒவ்வொரு போர்த்தொடருக்கும் கிடைத்த நட்சத்திரத்துக்கும், காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் உட்பட ஒவ்வொரு வீரப் பதக்கத்துக்கும் 5. 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 12, மூன்று குழந்தை வரை. மனைவிக்கு ஒன்றும் கிடையாது, வயதுக்கும் கிடையாது. நன்னடத்தைப் பதக்கத்துக்கும், காலாட்படைக்காரன் உயிராக மதித்த போர்க் காலாட்படை வில்லைக்கும்கூட புள்ளி இல்லை. முகாம்களில் இதைப் பற்றித்தான் அதிகம் புலம்பினார்கள்.

முதல் கணக்கு 1945 மே 12 தேதிக்குப் போடப்பட்டது. உங்கள் ஆளுக்குச் சேவை 28, கடல் கடந்தது 15. வடக்கு பிரான்ஸ், ரைன்லாந்து, ஆர்டென், மத்திய ஐரோப்பா என்று நான்கு நட்சத்திரம், 20. காயத்துக்கு 5, குழந்தைக்கு 12. மொத்தம் 80. தேவைப்பட்டதோ 85! ஐந்து புள்ளியில் நின்றுபோனான். இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது. அந்த ஐந்தும் ஒரு பதக்கத்தின் விலை என்பதையும் மறக்க வேண்டாம். பரிந்துரை எழுதியும் தாள் எங்கோ தேங்கிப்போன ஒரு வெண்கல நட்சத்திரம் வந்திருந்தால் ஜூனிலேயே வீட்டில் இருந்திருப்பான்.

ஜப்பான் சரணடைந்த பிறகு செப்டம்பர் 2 தேதிக்கு மறுகணக்கு. சேவைக்கு 4, கடல் கடந்ததற்கு 4 கூடி 88. அப்போது வரம்பு 80, அக்டோபரில் 70, நவம்பரில் 60 என்று இறங்கியது. ஆக செப்டம்பரிலேயே தகுதி வந்துவிட்டது. ஆனால் தகுதி வேறு, கப்பலில் இடம் வேறு. வரம்பு இறங்க இறங்கத் தகுதி பெற்றவர்கள் குவிந்தார்கள், கப்பல் அந்த வேகத்தில் கூடவில்லை. குயின் எலிசபெத் கப்பலை பிரிட்டன் அக்டோபரில் தன் படையினருக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டது. பசிபிக்கிலிருந்தும் அதே நேரத்தில் ஆட்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இன்னொன்று, பெரும்பாலான கதைகளில் தவறுவது. அவன் தன் பழைய சகாக்களோடு திரும்பியிருக்க மாட்டான். போர் முடிந்ததும் படைப்பிரிவுகளை நான்காகப் பிரித்தார்கள்: ஜெர்மனியில் தங்குபவை, பசிபிக்குக்குப் போகவிருந்தவை, மாற்றியமைக்கப்படுபவை, ஊர் போய்க் கலைக்கப்படுபவை. புள்ளி அதிகம் உள்ளவர்களைப் பிடுங்கிக் கடைசி வகைக்கு மாற்றினார்கள், குறைந்தவர்களை அங்கிருந்து எடுத்தார்கள். ஆகவே கூடாரத்தில் இருப்பவர்கள் அவனுக்குச் சில வாரப் பழக்கம் மட்டுமே. இடது தோளில் ஊர் போகும் பிரிவின் முத்திரை, வலது தோளில் அவன் சண்டையிட்ட பிரிவின் முத்திரை. இடது கைப்பட்டைக்கு மேலே ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் தங்கநிறக் கோடுகள். 21 மாதத்துக்கு மூன்று கோடு போடுங்கள்.

முளைக்குச்சி:

தகரக் கொட்டகையை எடுத்துவிடுங்கள். லக்கி ஸ்ட்ரைக் கூடார நகரம். சான் வலேரி ஆன் கோ பக்கத்தில், ஜெர்மானியர் வைத்திருந்த விமான ஓடுதளத்தைச் சுற்றி அமைந்தது. ஒரே நேரத்தில் 50,000க்கும் மேற்பட்டோர் தங்கினார்கள். ஓல்ட் கோல்ட், பிலிப் மோரிஸ், பால் மால் என்று அந்தப் பகுதி முகாம்களுக்கெல்லாம் சிகரெட் பெயர்கள். போர் நடந்தபோது முகாம் இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்று வைத்தது. ரெய்ம்ஸ் பக்கத்து முகாம்களுக்கு அமெரிக்க நகரங்களின் பெயர்கள், இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

கூடாரம் சதுர அடித்தளம், கூம்பிய உச்சி, பக்கத்துக்கு 16 அடி, நடுவில் ஒரே கம்பம். ஆறு பேர் என்று வையுங்கள். மடக்கும் கித்தான் கட்டில். குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் ஏறும், கித்தானுக்கு அடியில் காற்று ஓடுவதால். அதனால் கம்பளியை மேலே போர்த்துவதோடு நிற்காமல் அடியிலும் மடித்துப் போட வேண்டும். செய்தித்தாள் கிடைத்தால் கட்டிலுக்கும் கம்பளிக்கும் இடையில் அதையும் விரிப்பார்கள்.

நவம்பரில் அந்தக் கடற்கரையில் மழையும் உப்புக்காற்றும். மழையில் கூடாரக் கயிறு நனைந்து சுருங்கும். இருட்டுவதற்கு முன் யாராவது சுற்றிவந்து தளர்த்திவிடாவிட்டால் ஈர மண்ணிலிருந்து முளை பிடுங்கிக்கொண்டு நடுராத்திரியில் ஒரு பக்கம் சரியும். நனைந்த கித்தானின் உட்புறத்தில் விரல் பட்டால் அந்த இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும், புதிதாக வந்தவன் கட்டாயம் தொடுவான். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, பள்ளத்துப் பக்கம் வடிய விட வேண்டும். அதை வெட்ட யாருக்கும் மனம் வராது, நாளைக்கே கப்பல் வரலாம் என்ற நினைப்பு. இந்தச் சோம்பல் உங்கள் கதைக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அடுப்பு கம்பத்தை ஒட்டி நிற்கும் கூம்பு வடிவத் தகர அடுப்பு. அடித்தட்டு கிடையாது, மண்ணிலோ மணல் பெட்டியிலோ நேராக நிற்கும். புகைக்குழாய் உச்சித் துவாரம் வழியே வெளியேறும். நிலக்கரி எப்போதும் பற்றாக்குறை என்பதால் பெட்டிப்பலகை திருடி எரிப்பார்கள். மரம் எரித்தால் பொறி பறந்து கூரையில் ஓட்டை விழும். சீக்கிரம் பற்ற வேண்டும் என்று பெட்ரோல் ஊற்றுபவனால் கூடாரமே போய்விடும், உலர்ந்த கித்தான் ஒரு சில நிமிடத்தில் எரிந்து முடியும். இரவில் அடுப்பு அணைந்தால் யார் எழுந்து மூட்டுவது என்பதே ஆறு பேருக்குள் நிரந்தரச் சண்டை.

குடிநீர் முக்காலியில் தொங்கும் 36 காலன் கித்தான் பையிலிருந்து. குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். சாப்பாட்டுக்குத் தட்டோடு நீள வரிசை. காலையில் தூள்முட்டை, அல்லது ரொட்டி மேல் ஊற்றிய மாட்டிறைச்சிக் குழம்பு, காபி. சமையல்கூட எடுபிடி வேலையில் ஜெர்மானியப் போர்க்கைதிகள். ஆறு மாதம் முன்பு எதிரே நின்றவன் இப்போது கரண்டியால் உருளைக்கிழங்கு போடுகிறான். இதைப் பெரிய நாடகமாக்க வேண்டாம், நவம்பருக்குள் யாருக்கும் அது விசேஷமாகத் தெரிந்திருக்காது.

தட்டு கழுவுவது தனிக்கலை. எச்சத்தை முதல் டப்பாவில் தட்டிவிட்டு, தட்டின் கைப்பிடியில் கரண்டி, முட்கரண்டி, கத்தி, மூடி எல்லாவற்றையும் கோத்து, முதலில் சோப்பு வெந்நீர் டப்பா, அடுத்து கொதிக்கும் நீர் இரண்டு டப்பா. ஒவ்வொன்றும் 32 காலன் இரும்புத் தொட்டி. உள்ளே இறக்கிய பெட்ரோல் கொதிகலன்தான் நீரைக் காய்ச்சும். பற்றவைக்கிறவன் சொட்டுக்குழாயை முன்கூட்டியே அதிகம் திறந்துவிட்டால் பெட்ரோல் தேங்கி, தீ வைத்ததும் புகைக்குழாய் வெடியாய்ப் பறக்கும். பெரிய ஆபத்து அதுவல்ல. ஆயிரம் பேர் முக்கியபின் கடைசித் தொட்டி வெறும் வெதுவெதுப்பாகி, மேலே கொழுப்பு மிதக்கும். கொதி அடங்கிய நீரில் முக்கிய தட்டில் அடுத்த வேளை சாப்பிட்டால் மறுநாள் கூடாரம் முழுக்கக் கழிப்பறை வரிசையில் நிற்கும்.

சிறையிலிருந்து மீண்ட நண்பனையும் மாற்றுங்கள். அவர்கள் லக்கி ஸ்ட்ரைக்கை நிறைத்தது 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை. எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு முட்டை கலந்த பால், மிதமான உணவு என்று மெல்லத்தான் ஏற்றினார்கள். ஆசையாய் டோனட்டை விழுங்கியவர்கள் வயிறு தாங்காமல் மோசமாக நோயுற்றதுண்டு. நவம்பரில் அந்தக் கூட்டம் போய் நாளாகிவிட்டது.

மைப்புட்டி:

வரைவில் பாதி போய்விட்டது, சந்தோஷம்தான். அப்படியென்றால் பகலில் அவன் என்னதான் செய்வான்? கையில் எவ்வளவு காசு இருக்கும்? வி-மெயில் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அது சரியா?

பழைய தபால்:

சரியில்லை. வி-மெயில் 1945 நவம்பர் 1 அன்று நிறுத்தப்பட்டது. அக்டோபர் கடைசி வரை எழுத வைக்கலாம்: ஒரே தாள், அதைப் படச்சுருளில் எடுத்து, அமெரிக்காவில் கால் அளவுக்கு அச்சிட்டு அனுப்புவார்கள். சிறிய எழுத்தில் எழுதினால் மனைவிக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். நவம்பரில் இரண்டு வழி. வலது மூலையில் அஞ்சல்தலை ஒட்டும் இடத்தில் கையால் ‘இலவசம்’ என்று எழுதினால் காசில்லாமல் போகும், ஆனால் கப்பலில். விமானத்தில் போக வேண்டுமானால் அரை அவுன்ஸுக்கு 6 சென்ட். இடது மூலையில் பெயர், பதவி, சேவை எண், பிரிவு, படை அஞ்சல் எண் எல்லாம் வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். பிரிவு மாறியவனின் கடிதம் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து திருப்பப்பட்டு, அதற்குள் அவன் மறுபடி நகர்ந்திருப்பான். மனைவியின் மூன்று வாரக் கடிதங்கள் ஒரே நாளில் வரும், அல்லது அவன் வீட்டுக்கு வந்தபிறகு வரும். கப்பல் நெருங்குகிறது என்று தெரிந்தவர்கள் ‘இனி எழுதாதே, பார்சலும் அனுப்பாதே’ என்று எழுதிவிடுவார்கள். பிறகு கப்பல் தள்ளிப்போகும், கடிதமே இல்லாத வாரங்கள் வரும். உங்கள் நாவலின் நவம்பர் மாதத்துக்கு இது போதும்.

காசு. சார்ஜன்ட் மாதம் 78 டாலர், வெளிநாட்டுக்கு 20 சதவீதம் சேர்த்து 93.60. போர்க் காலாட்படை வில்லைக்கு 10 (புள்ளி தராவிட்டாலும் பணம் உண்டு). பிடித்தம்: குடும்பப் படிக்கு 22, ஆயுள் காப்பீட்டுக்குச் சுமார் ஆறரை. மனைவிக்கும் ஒரு குழந்தைக்கும் அரசு மாதம் 80 டாலர் நேராக அனுப்பும், அதில் இவனுடைய 22ம் அடக்கம். ஆக கையில் 75 டாலர் அளவு. போர்க்கடன் பத்திரம் பிடித்தால் இன்னும் குறையும். டாலருக்கு ஏறத்தாழ 50 பிராங்க், செயற்கையான விகிதம், ஊரில் எல்லாமே யானை விலை. அதை ஈடுகட்ட பிரெஞ்சு அரசு மாதம் 850 பிராங்க் தனியாகக் கொடுத்தது. டிசம்பர் 26 அன்று பிராங்கின் மதிப்பை டாலருக்கு 119 ஆக இறக்கினார்கள், உங்கள் ஆள் அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறான்.

படைக் கடையில் சிகரெட் பாக்கெட் 5 சென்ட், அதுவும் வார ரேஷன். புகைக்காதவனும் வாங்குவான், அதுதான் நாணயம். சுற்றுக் கிராமங்களில் முட்டை, ஆப்பிள் சாராயமான கால்வடோஸ், துணி துவைப்பு எல்லாம் சிகரெட், சோப்பு, சாக்லேட்டில் நடக்கும். பெர்லினில் பத்து பாக்கெட் கொண்ட ஒரு சிகரெட் பெட்டி 1,000 மார்க் தாண்டியது, அரசு விகிதப்படி 100 டாலர். அங்கே சம்பளத்தைவிட அதிகமாக ஊருக்கு அனுப்பினார்கள். அதை அடக்கத்தான் அந்த நவம்பரில் பணக் கணக்குப் புத்தகம் கொண்டுவந்தார்கள். வந்த பணம், செலவு, அனுப்பியது எல்லாம் அதில் பதிவாகும். சீட்டாட்டத்தில் ஜெயித்தவன் பாடுதான் திண்டாட்டம், வந்த வழி காட்ட முடியாது.

பகலில் செய்ய வேலையே இல்லை என்பதுதான் உண்மை. காலை வருகைப் பதிவு, கூடாரத் துப்புரவு, காவல் முறை. சார்ஜன்ட் என்பதால் பாத்திர வேலை கிடையாது, ஆள் அனுப்புகிற வேலை உண்டு. பெயர்ப் பட்டியல் ஒட்டும் பலகையை நாளைக்குப் பத்து முறை பார்ப்பது. சினிமாக் கூடாரம், பந்து விளையாட்டு, சூதாட்டம். புள்ளி குறைந்து, பல மாதம் தங்க வேண்டியவர்களுக்கு பியாரிட்ஸிலும் இங்கிலாந்தின் ஷ்ரிவன்ஹமிலும் எட்டு வாரப் பருவங்களாகப் பல்கலைக்கழகமே நடத்தினார்கள். 88 புள்ளிக்காரன் அதில் சேர மாட்டான், படிக்கப் போய்க் கப்பலை விட யாருக்கு மனம் வரும்? நீஸ் கடற்கரை விடுப்பும் அப்படியே. சிப்பாய்களுக்கு நீஸ், அதிகாரிகளுக்கு கான். பிரிவோடு ஜெர்மனியில் இருந்தபோது போய்வந்ததாகக் காட்டலாம்.

நங்கூரம்:

குயின் மேரி லெ ஆவ்ரில் ஏற்றவில்லை, சௌத்தாம்ப்டனிலிருந்துதான் ஓடியது. 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் லெ ஆவ்ர் துறைமுகம் நொறுங்கியிருந்தது. பெரும்பாலும் லிபர்ட்டி, விக்டரி சரக்குக் கப்பல்களைப் படையினருக்காக மாற்றியவைதான் அங்கே வந்துபோயின. லிபர்ட்டியில் 550 பேர், மணிக்கு 11 கடல்மைல், இரண்டு வாரம் ஆகும். விக்டரியில் 1,500 பேர், ஒன்பது, பத்து நாள். கதைக்கு விக்டரி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன் நடப்பவை: மூட்டையைத் தரையில் கொட்டிப் பரிசோதனை. கையெறிகுண்டு, தோட்டா, படைக்குச் சொந்தமான கூடுதல் சாமான் எல்லாம் பறிமுதல். ஜெர்மானியக் கத்தி, துப்பாக்கி போன்ற நினைவுப்பொருளுக்கு மேலதிகாரி கையெழுத்திட்ட சான்றுச்சீட்டு வேண்டும், அது இல்லாதவன் பொருளை இழப்பான். பிராங்கை டாலராக மாற்றுவது. மருத்துவப் பரிசோதனையில் பால்வினை நோய் தெரிந்தால் கப்பல் இல்லை, சிகிச்சை முடியும் வரை பின்தங்க வேண்டும். கப்பல் படியில் அதிகாரி குடும்பப் பெயரைக் கத்துவார், இவன் முதற்பெயரையும் நடு எழுத்தையும் சொல்லி ஏற வேண்டும். அந்தக் கணத்தில் யாரும் பேச மாட்டார்கள் என்பதெல்லாம் சினிமா, ஒரே இரைச்சலாகத்தான் இருந்திருக்கும்.

படுக்கை சரக்கறையில். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கித்தான் கட்டி, நாலைந்து அடுக்கு. இரண்டடுக்குக்கு நடுவே இரண்டடிகூட இருக்காது, திரும்பிப் படுத்தால் தோள் மேலுள்ளவன் முதுகில் இடிக்கும். விவரம் தெரிந்தவன் மேலடுக்கைப் பிடிப்பான். ஏறுவது சிரமம், ஆனால் மேலிருந்து எவனும் அவன் மேல் வாந்தி எடுக்க முடியாது. நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, இடுப்புயர மேசையில் நின்றபடி. குளியல் கடல்நீரில், சாதாரண சோப்பு நுரைக்காது, தோலில் பிசுபிசுப்பாகத் தங்கும். நன்னீர் குறிப்பிட்ட நேரம் மட்டும். உயிர்காப்பு மேலாடையை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், தலையணையும் அதுதான். போர்க்காலப் பயணத்திலிருந்து ஒரு வேறுபாடு: இரவில் விளக்கு எரியலாம், மேல்தளத்தில் புகைக்கலாம். வரும்போது இருட்டடிப்பில் வந்தவனுக்கு அது பெரிதாகவே தெரியும். டிசம்பரில் வட அட்லாண்டிக் கொந்தளிக்கும், இரண்டு மூன்று நாள் தாமதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பினப் பாத்திரம் ஏதாவது இருந்தால் கவனம். புள்ளி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் படை பிரித்து வைக்கப்பட்டது. அதே டிசம்பரில் லெ ஆவ்ரில் குரோட்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல், தனித் தங்குமிடம் இல்லை என்று சொல்லிக் கறுப்பின வீரர்களை ஏற்றாமல் விட்டது.

தாள்கட்டு:

கிறிஸ்துமஸ் கணக்கைப் பார்ப்போம். நவம்பர் 30 லெ ஆவ்ரில் புறப்பட்டால், புயலோடு டிசம்பர் 12 வாக்கில் நியூயார்க். அங்கிருந்து நியூ ஜெர்சியின் கேம்ப் கில்மர், இறங்கியவர்களுக்கு மாட்டிறைச்சி வறுவல் விருந்து, குளிர்ந்த பால், தொலைபேசிக்கு நீண்ட வரிசை. ஊர்வாரியாகப் பிரித்து ரயில் ஏற்றுவார்கள். ஒஹையோக்காரனை இந்தியானாவின் கேம்ப் அட்டர்பரிக்கு அனுப்பலாம். விடுவிப்பு வேலை இரண்டு நாள் என்பது கணக்கு, கூட்டம் இருந்தால் கூடும். மருத்துவம், சேவைப் பதிவைச் சரிபார்ப்பது, காப்பீட்டைத் தொடரச் சொல்லிப் பேச்சு, சேமப்படையில் சேரச் சொல்லி இன்னொரு பேச்சு. பதிவில் ஒரு பதக்கம் விட்டுப்போயிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்காகப் பின்தங்க வேண்டும் என்றால் பெரும்பாலோர் ‘போகட்டும்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் தாளில் பிழை கண்டு குழம்புவது அதனால்தான்.

வெளிநாட்டில் பணிபுரிந்தவனுக்கு விடுவிப்புப் பணம் 300 டாலர், கையில் 100, மீதி மாதம் நூறாக. வலது மார்புப் பைக்கு மேல் கழுகு போட்ட துணிச்சின்னம் தைத்துவிடுவார்கள், கழுகு வாத்து மாதிரி இருக்கிறது என்று கேலி செய்யப்பட்டது. முப்பது நாள் சீருடையில் திரியலாம். டிசம்பர் 20க்குள் வீட்டுக்குப் போய்விடுவான். கதைக்குப் பதற்றம் வேண்டுமானால் புறப்பாட்டை டிசம்பர் 8க்குத் தள்ளுங்கள், கிறிஸ்துமஸுக்கு அட்டர்பரியில் பட்டியல் பலகை முன் நிற்பான். அதைவிடத் தள்ளி ஜனவரிக்குக் கொண்டுபோனால் வேறு கதை ஆகிவிடும்: திரும்ப அனுப்புவதைக் குறைப்பதாக அறிவிப்பு வந்து மணிலா, பாரிஸ், பிராங்பர்ட், நம் கல்கத்தா வரை அமெரிக்கச் சிப்பாய்கள் தெருவில் இறங்கியது அந்த மாதத்தில்தான்.

மைப்புட்டி:

டிசம்பர் 8 என்றே வைத்துக்கொள்கிறேன். முளைக்குச்சி ஐயா, ஒன்று மட்டும்: அந்தத் தகர அடுப்பில் ஒரு குவளை நீர் சூடாக்கிச் சவரம் செய்ய முடியுமா?

முளைக்குச்சி:

முடியும். குடுவைக் குவளையை அடுப்பு மூடிமேல் வைப்பார்கள். பத்து நிமிடத்தில் சவரத்துக்குப் போதுமான சூடு வரும். வாய் வைத்துக் குடிக்கிறபடி எழுதாதீர்கள், அந்தக் குவளையின் சுருட்டிய விளிம்பு உள்ளே உள்ள காபி ஆறின பிறகும் உதட்டைச் சுடும்.